எடைக்கு எடை நேர்ந்துகொண்ட கொம்பையா

கோவில்பட்டியில் யாராவது பெருத்துவிட்டால், 'பெருத்துவிட்டீர்கள்' என்று முகத்துக்கு நேராகச் சொல்வது மரியாதை இல்லை. 'ஆள் நல்லா இருக்கீய' என்பார்கள். அந்தக் கணக்கில் கொம்பையா ஊரிலேயே ரொம்ப நன்றாக இருந்தவர். நூற்றுப் பதினெட்டு கிலோ அளவுக்கு நன்றாக இருந்தார். கல்யாண மண்டபத்துக்குள் அவர் நுழைந்தால் சமையல்காரர் முகம் மலரும். பிளாஸ்டிக் நாற்காலியை வாடகைக்கு விட்டவர் முகம் வாடும். ஷேர் ஆட்டோக்காரர் அவரை ஏற்றிக்கொண்டதும், வழியில் கை காட்டுகிறவர்களைப் பார்த்து, "வண்டி ஃபுல்லு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போவார். உள்ளே கொம்பையா மட்டும் இருப்பார்.

அந்த எடையை அவர் ஒற்றை ஆளாகச் சேர்க்கவில்லை. ஊரே கைகொடுத்திருக்கிறது. எபநேசர் அண்ணாச்சியின் கமிஷன் கடையில் அவர் எடை போடுகிறவர். புதூர், விளாத்திகுளம் பக்கத்திலிருந்து சம்சாரிகள், அதாவது விவசாயிகள், உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், மிளகாய் வத்தல் என்று மூடை மூடையாகக் கொண்டுவருவார்கள். நிலக்கடலை வந்தால் மூடைக்கு ஒரு கை அள்ளி மாதிரி பார்க்க வேண்டும். பார்ப்பது என்றால் கண்ணால் அல்ல, பல்லால். பதினோரு மணிக்குக் காராச்சேவு, நாலு மணிக்கு வடை, கடை அடைத்ததும் சால்னாவில் ஊறிய புரோட்டா. நாள் முழுக்கத் தராசு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்த வேலை. இருபத்தைந்து வயதில் தொப்பை எட்டிப் பார்த்தபோது, "இப்பதான் ஆம்பளையா லட்சணமா இருக்க" என்று பாராட்டி ஊக்கப்படுத்தியவர்களில் பலர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். மெலிந்தும் இருக்கிறார்கள்.

ஆனால் அவர் போட்ட எடையில் யாரும் குறை சொன்னதில்லை. சாக்குக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கழித்துவிட்டுப் போவதுதான் மற்ற கடைகளின் வழக்கம். கொம்பையா ஒவ்வொரு சாக்கையும் கொட்டிவிட்டு வெறும் சாக்கைத் தனியாக நிறுத்துக் கழிப்பார். நிறுக்கும்போது தலைக்கு மேல் ஓடும் ஃபேனை நிறுத்திவிடுவார்; காற்று தராசைத் தொட்டால் அதுவும் ஒரு கைதானே என்பது அவர் வாதம். "கொம்பையா நிறுத்தா கோர்ட்டு தீர்ப்பு மாதிரி" என்பார்கள் சம்சாரிகள். கோர்ட்டை விட வேகம் என்பதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படி இருந்த வீட்டில்தான் அவர் மனைவி பாண்டிச்செல்விக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. அவள் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவள். தலைவலி என்று வரும்போதெல்லாம் தைலம் தேய்த்துக்கொண்டாள். ரத்தக் கொதிப்பை யாரும் அளந்து பார்க்கவில்லை. கால் வீங்கி, மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நேரம் கடந்திருந்தது. அதன் பிறகு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கொம்பையாவும் கூடப் போவார். அவளைப் படுக்க வைத்து ஊசி குத்தியதும், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் அந்த இயந்திரத்தைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிடுவார். அங்கிருந்த பணியாளர் முதலில் சிரித்தார். பிறகு, கொம்பையா வர நேரமானால், "கும்பிடு வாங்காம மிஷினு ஓட மாட்டேங்குது" என்று சொல்லிக் காத்திருக்கப் பழகிக்கொண்டார்.

அந்த நாட்களில்தான் அவர் தன் சொந்த ஊர்க் கோயிலுக்குப் போய், புதூர்ப் பக்கத்தில் கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கும் வெயிலுகந்தம்மன் முன்னால் நின்று, மனசுக்குள் ஒன்று நேர்ந்துகொண்டார். 'இவ பொழைச்சு எழுந்தா, என் எடைக்கு எடை கருப்பட்டி போடுதேன் தாயே.' இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நேர்ந்ததை வெளியே சொன்னால் பலிக்காது என்பது அவர் குடும்பத்துப் பழக்கம். பின்னால் நடந்த குழப்பம் அத்தனையும் இந்த ஒரு மௌனத்தில் முளைத்தது.

மதுரையில் சிறுநீரக மாற்று சிகிச்சை செய்கிற ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிறுநீரகம் கொடுக்க முன்வந்த அவர்களுடைய மகளுக்கு ரத்த வகை சேரவில்லை. கொம்பையாவுக்குச் சேர்ந்தது. அவர் ஏதோ லாட்டரி விழுந்ததுபோல வராந்தாவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே டாக்டர் ரூபி, சாயர்புரத்துக்காரர், பரிசோதனை முடிவுகளை வைத்துக்கொண்டு அவரை உட்காரச் சொன்னார்.

"அண்ணாச்சி, உங்க கிட்னி ரெண்டும் நல்லா இருக்கு."

"அப்ப ஒண்ண எடுத்துக்கிடுங்க."

"இப்ப எடுக்க முடியாது."

"ஏன் டாக்டரம்மா? நான் என்ன திருப்பியா கேக்கப் போறேன்?"

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார். "உங்க ரத்தத்துல அழற்சி கூடுதலா இருக்கு. அடிபட்டா, சீழ் பிடிச்சா உடம்பு சண்டை போடும்லா, அந்த மாதிரி. சமீபத்துல காய்ச்சல், பல்வலி, புண்ணு எதுவும் உண்டா?"

"ஒண்ணும் கெடையாது. கல்லு மாதிரி இருக்கேன்."

"அப்ப அது உங்க கொழுப்புல இருந்து வருது."

கொம்பையாவுக்குச் சுருக்கென்றது. கொழுப்பு என்று யாராவது சொன்னால் நம் ஊரில் அது வசவு. டாக்டர் வசவு சொல்லவில்லை என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. "கொழுப்பு என்னம்மா செய்யும்? அது பாட்டுக்குச் சும்மா கெடக்கு. ஒரு பஞ்சம் கிஞ்சம் வந்தா உதவும்லா?"

"உங்க குடோன்ல, ஈரம் காயாத மக்காச்சோளத்தக் காத்துப் போக வழியில்லாம மூடைக்கு மேல மூடையா அடுக்கிட்டா என்ன ஆவும்?"

"சூடு பிடிக்கும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. கைய உள்ள விட்டாச் சுடும்."

"இருபத்தஞ்சு வருசமா உங்களுக்கு உள்ள அதான் நடக்குது."

டாக்டர் சொன்னதைக் கொம்பையா பிறகு கடையில் பலமுறை சொல்லிக் காட்டியிருக்கிறார். சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் சேர்த்துக்கொள்வார். கொழுப்பு சும்மா கிடக்கிற சரக்கு இல்லை. உயிருள்ள திசு. அதில் இருக்கிற ஒவ்வொரு உயிரணுவும் ஒரு சின்னக் கிடங்கு. சாப்பாட்டில் மிஞ்சியதை வாங்கி வைத்துக்கொள்ளும், வேண்டும்போது கொடுக்கும், மூளைக்கும் ஈரலுக்கும் சேதி அனுப்பும். நல்ல வேலைக்காரன். ஆனால் வருஷக் கணக்காகக் கொண்டுவந்து திணித்தால் அந்த அணு ஊதி, ஊதி, ரத்தம் போதுமான பிராணவாயுவைக் கொண்டுவர முடியாத அளவுக்குப் பெருத்துவிடும். மூச்சு முட்டும். சில அணுக்கள் செத்தும் போகும். செத்ததை அள்ளிப்போட உடம்பு தன் வெள்ளணுக்களை அனுப்பும். வந்தவர்கள் செத்த அணுவைச் சுற்றி வட்டமாக நின்றுகொண்டு, வேலை முடியாததால் இன்னும் ஆள் கூப்பிடுவார்கள். கூப்பிடுவது என்றால் ரத்தத்தில் ரசாயனங்களை விடுவது. இரண்டு மாதத்தில் ஏறிய எடை என்றால் இவர்கள் வந்த வழியே போய்விடக்கூடும். இருபத்தைந்து வருஷமாக இருக்கிற எடை என்றால் குடியேறிவிடுகிறார்கள். சுற்றிலும் தழும்பு மாதிரி நார் படிந்து, கொழுப்பே விறைத்துப் போகிறது. அதற்கு மேல் அதில் சரக்கு வைக்க இடமில்லை. குடோன் நிறைந்ததும் மூடையை வராந்தாவில் போடுவோமே, அப்படி ஈரலிலும் மற்ற உறுப்புகளிலும் கொழுப்பு படிகிறது. அந்த ரசாயனங்களோ ஊரெல்லாம் சுற்றி, இன்சுலின் சொல்வதைத் தசை கேட்காதபடி செய்கின்றன, ரத்தக் குழாயை உரசுகின்றன, சிறுநீரகத்தையும் விடுவதில்லை.

டாக்டர் முடிவாகச் சொன்னார்: "சுகர் இப்ப எல்லையில நிக்குது. தாண்டல. ஈரல்ல கொழுப்பு இருக்கு. ஒரு கிட்னியக் குடுத்துட்டா மிச்சம் இருக்கிற ஒண்ணு தனியா இந்தச் சூட்டுல கெடந்து உழைக்கணும். நாளைக்கு நீங்களும் மிஷின்ல படுத்தா யாரு யாரப் பாக்க? எடையக் கொறைங்க. சூடு தணியட்டும். ஒரு வருசத்துக்குள்ள முடியும். இது உங்க நாக்கு செஞ்ச தப்பு மட்டும் இல்ல அண்ணாச்சி. வம்சம் இருக்கு, தூக்கம் இருக்கு, உக்காந்த வேலை இருக்கு. அதனால வெக்கப்பட ஒண்ணுமில்ல. செய்ய வேண்டியது மட்டும் இருக்கு."

கொம்பையா தலையாட்டிவிட்டு ஊர் வந்து சேர்ந்தார். வந்து ஒன்றும் செய்யவில்லை.

ஒன்றும் செய்யவில்லை என்பதுகூடச் சரியில்லை. ஒரு நாள் காய்ச்சலில் கஞ்சி குடித்துக் கிடந்துவிட்டு, மறுநாள் அவசரமாகக் கடைத் தராசில் ஏறிப் பார்த்தார், எடை குறைந்திருந்தது, முகம் இருண்டது, அன்று சாயந்தரம் இரண்டு புரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டார். டீக்கடைக்கு இது போதாதா?

"கிட்னி குடுக்கணும்னு சொன்னதுல இருந்து அவரு தின்னுத தீனியப் பாத்தியாலே?"

"பயம்தான். எனக்கும் பயந்தா பசிக்கும்."

"பொண்டாட்டிய மிஷின்ல போட்டுட்டு இவரு சால்னா கேக்காரு பாரு."

பேச்சு பாண்டிச்செல்வி காதுக்கு வந்தது. அவள் அப்போது தேறிக்கொண்டிருக்கவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் நெஞ்சில் நீர் கோத்து, மூச்சுக்குத் தவித்து, நேரமில்லாத நேரத்தில் ஆட்டோவில் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் இலையில் மூன்றாவது முறை சோறு கேட்டபோது, அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"குடுக்க மனசில்லன்னா சொல்லிருங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"எதக் குடுக்க?"

"ஊரே சிரிக்கி. நீங்க பயந்துக்கிட்டு எடையக் கொறைக்காம இருக்கீயன்னு. பயந்தா பயந்துட்டுப் போறீய. யாருக்குத்தான் பயமில்ல? எங்கிட்ட மறைக்காதீய."

கொம்பையா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. பெரிய உடம்பு அழும்போது மொத்தமாக அழும். "பயமாட்டி எனக்கு? ரெண்டையும் எடுத்துக்கன்னா குடுப்பேன். நான் நேந்துருக்கேன்ட்டி. என் எடைக்கு எடை கருப்பட்டி போடுதேன்னு அம்மங்கிட்ட நேந்துருக்கேன். அன்னைக்கு நான் நூத்திப் பதினெட்டு. இப்ப எளைச்சுட்டுப் போயித் தட்டுல உக்காந்தா என்ன அர்த்தம்? ஊரான் மூடைய ஒரு கிராம் கொறைக்காம நிறுத்துட்டு, சாமிக்குக் கள்ளத் தராசு போடச் சொல்லுதியா?"

பாண்டிச்செல்வி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரிப்பு நின்றதும் கோபம் வந்தது.

"நான் பொழைச்சாத்தான கருப்பட்டி?"

"ஆமா."

"நீங்க எளைச்சாத்தான நான் பொழைப்பேன்?"

"ஆமா."

"எளைச்சா கருப்பட்டி கொறையும்னு எளைக்க மாட்டீய."

அவள் சொல்லிக் கேட்டபோதுதான் தன் கணக்கில் ஒரு மூடை எங்கோ தலைகீழாக நிற்பது அவருக்கும் தெரிந்தது.

"எந்திரிங்க. சட்டைய மாட்டுங்க. ஒங்க மொதலாளியையே கேப்போம்."

எபநேசர் அண்ணாச்சி அப்போதுதான் ஆராதனை முடிந்து வந்து, பிரியாணிக்குப் பிறகான தூக்கத்தின் வாசலில் இருந்தார். வழக்கைக் கேட்டார். கொம்பையாவின் கட்சி: வேண்டுதல் பலித்த பிறகு செலுத்துவதுதான் முறை. பாண்டிச்செல்வியின் கட்சி: முறை பார்த்துக்கொண்டிருந்தால் செலுத்த ஆள் இருக்கும், பலிக்க ஆள் இருக்காது.

"ஏலே கொம்பையா, வெதைக்கும்போதே நாம சம்சாரிக்கு அட்வான்ஸ் குடுக்கோம்லா?" என்றார் எபநேசர்.

"குடுக்கோம்."

"மழை பெய்யும்னு தெரிஞ்சா குடுக்கோம்?"

"ஆள் மேல நம்பிக்கையில குடுக்கோம்."

"உழவடிக்கிறவன நம்புவ, உங்க அம்மன நம்ப மாட்டியா? இப்பவே போயி இப்ப இருக்க எடைக்குப் போட்டுரு. அப்புறம் எளை."

"அண்ணாச்சி, நீங்க சர்ச்சுக்குப் போற ஆளு. எங்க அம்மன் சங்கதி உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அம்மன் சங்கதி தெரியாது. யாவாரம் தெரியும். வாங்க வேண்டியத முன்னாலயே வாங்கிட்டா, யாரா இருந்தாலும் சரக்க அனுப்பித்தான் ஆவணும்."

ஊர்க் கோயிலில் பெரிய தராசு கிடையாது. கமிஷன் கடையின் பழைய இரும்புத் தராசை, மூடைகளைத் தொங்கவிட்டு நிறுக்கிற அந்த இரண்டு தட்டுத் தராசை, எபநேசரே லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். கோயில் வேப்பமரத்தின் தடித்த கிளையில் கட்டினார்கள். கொம்பையா எடைக்கல்லை மாற்றி மாற்றி வைத்து முள் நேராக நிற்கிறதா என்று பார்த்தார். செருப்பு, செல்போன், சாவிக்கொத்து, சட்டை எல்லாவற்றையும் கழற்றினார். கருப்பட்டி வந்திருந்த ஓலைப்பெட்டிகளைக் காலி செய்து, அவற்றைத் தனியாக நிறுத்தார்.

"சாமி இதெல்லாம் கணக்குப் பாக்காதுய்யா" என்றார் பூசாரி, வெயில் தாங்காமல்.

"நான் பாப்பேன்."

அவர் ஒரு தட்டில் உட்கார, கிளை ஒரு முனகல் முனகியது. கருப்பட்டி ஏற ஏற அவர் மெல்ல மண்ணைவிட்டு எழும்பினார். பாண்டிச்செல்வி டயாலிசிஸ் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் குலவையிட்டாள். முள் நடுவில் நின்றதும் கொம்பையா கண்ணை மூடிக்கொண்டார். அன்று அந்தக் கருப்பட்டி வீட்டுக்கு வீடு போனது. ஊரே மாதக் கணக்கில் கருப்பட்டிக் காப்பி குடித்தது. கொம்பையாவின் நேர்த்திக்கடன் யார் யாருடைய கொழுப்புக் கிடங்கில் போய்ச் சேர்ந்தது என்பதை டாக்டர் ரூபியிடம் யாரும் சொல்லவில்லை. கொம்பையா மட்டும் ஒரு துண்டும் வாயில் போடவில்லை.

அடுத்த நாளிலிருந்து அவர் இளைக்க ஆரம்பித்தார். இதைச் சுவாரசியமாகச் சொல்ல வழியே இல்லை. விடிந்ததும் ரயில்வே ஸ்டேஷன் சாலையில் நடந்தார். ஸ்டூலைத் தூக்கிப் போட்டுவிட்டு நின்றுகொண்டே நிறுத்தார். தட்டில் பாதி காய்கறி. கடலை மாதிரியைச் சம்சாரியின் வாயிலேயே போட்டு, "நல்லா இருக்கா?" என்று கேட்டார், எல்லாச் சம்சாரிகளும் தங்கள் கடலை நல்லா இருக்கிறது என்றே சொன்னார்கள். முதலில் மளமளவென்று இறங்கிய எடை, நடுவில் அசையாமல் நின்றது. புரோட்டாக் கடை வழியாகப் போகாமல் சுற்றி வளைத்து வீட்டுக்குப் போனதில் நடை இன்னும் கூடியது.

ஊர் இதைக் கொண்டாடியது என்று நினைத்தால் ஊரைத் தெரியாதவர்கள் என்று அர்த்தம். இருபத்தைந்து வருஷம் அவர் சூட்டில் கிடந்தபோது 'நல்லா இருக்கீய' என்றவர்கள், இப்போது வழிமறித்துத் துக்கம் விசாரித்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, இப்படி உருகிட்டீய? சுகரா?"

"சுகர் வராம இருக்கத்தான்."

"நல்லாக் காட்டிப் பாருங்க. எங்க சின்னையாவும் இப்படித்தான் எளைச்சாரு."

சின்னையாவுக்கு என்ன ஆனது என்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள். கொம்பையா அதற்கும் நன்றி சொல்லிவிட்டு நடந்தார்.

வீட்டில் ஒரு புதுப் பிரச்சினை. அவருடைய குறட்டை நின்றுவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகிய பாண்டிச்செல்வி அடிக்கடி விழித்து, மூக்கில் கைவைத்துப் பார்த்தாள். "கெடந்து இடி இடிச்சாலும் ஆள் இருக்கீயன்னு ஒரு தைரியம் இருந்துச்சு" என்றாள்.

வருஷம் திரும்பும் முன் அவர் தொண்ணூறுக்குக் கீழே வந்திருந்தார். டாக்டர் ரூபி மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார். அழற்சி வெகுவாகத் தணிந்திருந்தது. ஈரல் தெளிந்திருந்தது. சுகர் எல்லையிலிருந்து பின்வாங்கியிருந்தது.

"கொழுப்பணு எல்லாம் போயிட்டா டாக்டரம்மா?"

"இல்ல. அதுல பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். சுருங்கியிருக்கு, அவ்வளவுதான். மூச்சு விடுது. வெள்ளணுக்கள்ல கொஞ்சம் பேரு கெளம்பிட்டாங்க, கொஞ்சம் பேரு இன்னும் வாசல்ல நிக்காங்க. பழைய எடையோட ஞாபகம் அந்தத் திசுவுக்கு ரொம்ப நாள் இருக்கும். விட்டா வேகமா நிறைஞ்சுக்கிடும். அதனால ஆபரேசன் முடிஞ்சாலும் இத விடக் கூடாது."

"விட மாட்டேன். நாங்க எப்ப வந்து படுக்கணும்?"

டாக்டர் தேதி சொன்னார். கொம்பையா அவரைக் கும்பிட்டார், ரத்தம் எடுத்தவரைக் கும்பிட்டார், கதவைத் திறந்துவிட்ட வாட்ச்மேனைக் கும்பிட்டார். வாட்ச்மேன் குழம்பிப்போய்ப் பதிலுக்கு சல்யூட் அடித்தார்.

ஆபரேசன் அன்று எபநேசர் அண்ணாச்சி வராந்தாவில் பைபிளோடு உட்கார்ந்திருந்தார். வைத்த சிறுநீரகம் உடனே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் வந்து சொன்னதைக் கேட்டதும் கடைக்குப் போன் போட்டார். அங்கே மூடை ஏலம் பாதியில் இருந்த நேரம். கணக்குப்பிள்ளை போனை ஸ்பீக்கரில் போட, கடை முழுக்க எபநேசர் குரல் கேட்டது: "ஏலே, பாண்டிச்செல்விக்கு மூத்திரம் வந்துட்டு! ஆபரேசன் மேசையிலயே வந்துட்டு!" உலகத்தில் வேறெங்கும் இந்தச் சேதிக்கு நாற்பது பேர் கைதட்டியிருக்க மாட்டார்கள். ஒரு சம்சாரி தன் வத்தல் மூடை மேலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். வத்தல் பட்ட கை என்பதால் அதன் பிறகு நிறையவே துடைக்க வேண்டியிருந்தது.

கிருமி தொற்றிவிடக் கூடாது என்று பாண்டிச்செல்வியைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். கொம்பையா வேறு வார்டில். இரண்டாம் நாள் நர்ஸ் ஒருவர் இரக்கப்பட்டு இருவரையும் போனில் சேர்த்துவிட்டார்.

"ஏட்டி, எப்படி இருக்கு?"

"மூத்திரப் பை நிறைஞ்சுக்கிட்டே இருக்கு. மாத்தி மாத்தி நர்ஸம்மாவுக்குக் கை ஓஞ்சு போச்சு. உங்க கிட்னி நல்லாத்தான் உழைக்கி."

"யாரு வீட்டுக் கிட்னி அது?"

"இனிமே எங்க வீட்டுது. திருப்பிக் கேட்டா தர மாட்டேன்."

கொம்பையா என்னவோ சொல்ல வாயெடுத்தார். நன்றி என்று எதையாவது சொல்லியிருப்பார். அவருக்கு அது பழகிவிட்டது. அதற்குள் அவள், "ஒண்ணுதான் சங்கடம்" என்றாள். "பதினோரு மணி ஆனா அது காராச்சேவு கேக்கு."

"ஏட்டி, சிரிக்க வைக்காத. தையல் இழுக்கு."

"எனக்கு மட்டும் என்ன, எலாஸ்டிக்கா வச்சுத் தைச்சிருக்காவ?"

ஆளுக்கொரு வார்டில், ஆளுக்கொரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நர்ஸ் வந்து போனை வாங்கிக்கொண்டு போகிறவரைக்கும்.